பேசுவோம், நடப்போம்

மேசை ஒன்றின் மீது தவுகே குவியலாகக் கொட்டிக் கிடக்கிறது. அதன் முன் அமர்ந்திருக்கும் பெண்மணி ஒருவர், ஒவ்வொரு தவுகேயாக எடுத்து, வால் போல் நீண்டிருக்கும் வேரைக் கிள்ளி ஒருபுறம் போடுகிறார். அருகில் காலி நாற்காலிகள் உள்ளன. அவ்வழியே வருவோரை அவர் உட்காரச் சொல்கிறார். உட்கார்ந்தவர்களால் சும்மா இருக்க முடிவதில்லை. கை தானாகத் தவுகேயை எடுக்கிறது; வாய் தானாகப் பேசத் தொடங்குகிறது. காய்கறி விலையில் தொடங்கும் பேச்சு, பிள்ளைகளின் படிப்பு, இடிக்கப்பட்ட பழைய குடியிருப்பு, பாட்டியின் கைப்பக்குவம் என எங்கு வேண்டுமானாலும் செல்லலாம்.

இது சமையல் வகுப்பு அன்று. சிங்கப்பூர்க் கலைஞர் அமாண்டா ஹெங் 1996ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு கலைப்படைப்பு. அதன் பெயர் ‘லெட்ஸ் சாட்’. ‘பேசுவோம்’ என்று அதனைத் தமிழில் சொல்லலாம்.

“தவுகே கிள்ளுவது எப்படிக் கலையாகும்?” என்ற கேள்வி எவருக்கும் எழும். அமாண்டாவின் படைப்புகளைப் பார்த்த பலருக்கும் அக்கேள்வி எழுந்திருக்கும். அது நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண வேண்டுமானால் அவருடைய கலை எவ்வகையைச் சார்ந்தது என்பதை முதலில் அறிய வேண்டும்.

பரதநாட்டியம், தெருக்கூத்து, மேடை நாடகம் ஆகியவற்றை நிகழ்கலைகள் என்கிறோம். அவற்றில் கலைஞர் ஒரு பாத்திரமாக மாறுகிறார். ஏற்கெனவே எழுதப்பட்ட பாடலையோ கதையையோ பயிற்சி செய்து அரங்கேற்றுகிறார். அமாண்டா ஈடுபட்டுள்ள ‘பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட்’ என்னும் கலை இதிலிருந்து வேறுபட்டது. இது ஓவியர்களிடமிருந்தும் சிற்பிகளிடமிருந்தும் பிறந்த கலை. துணியில் தீட்டுவதற்கும் கல்லில் செதுக்குவதற்கும் மாறாக, கலைஞர் தம் உடலையும் நேரத்தையும் செயலையுமே கருவிகளாகக் கொள்கிறார். அவர் வேறொருவராக நடிப்பதில்லை. தாமாகவே இருந்து ஒரு செயலைச் செய்கிறார். பார்வையாளரும் பெரும்பாலும் பார்வையாளராக மட்டும் இருந்துவிடுவதில்லை. செயல் முடிந்ததும் சுவரில் மாட்டி வைக்க எதுவும் மிஞ்சாது. இங்கு இதனைச் ‘செயற்கலை’ என்று குறிப்பிடுவோம்.

அமாண்டா 1951ஆம் ஆண்டு சிங்கப்பூரில், மரபு வழுவாத சீனக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவர் கலைக்கு வந்தது தாமதமாகத்தான். வருமான வரி அதிகாரியாகப் பணியாற்றிக்கொண்டிருந்த அவர், 1986ஆம் ஆண்டு அவ்வேலையை விட்டுவிட்டு லசால் கலைப்பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 35. மாதச் சம்பளம் தரும் அரசாங்க வேலையைப் பெருமையாகக் கருதிய காலம் அது. அதனை விட்டுவிட்டு, வருமானம் எங்கிருந்து வரும் என்பதே தெரியாத ஒரு துறைக்குள் நுழைவதற்குத் துணிவு மட்டும் போதாது. கொஞ்சம் பிடிவாதமும் வேண்டும்.

லசாலில் அவர் படித்தது அச்சோவியம். தகட்டிலோ மரப்பலகையிலோ உருவத்தைச் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுக்கும் கலை அது. 1988ஆம் ஆண்டு அப்படிப்பை முடித்தார். அதே ஆண்டில் சிங்கப்பூர்க் கலை உலகில் மற்றொன்றும் நிகழ்ந்தது. லண்டனில் கலை பயின்று திரும்பியிருந்த தாங் டா வூ என்ற கலைஞர், செம்பவாங் வட்டாரத்தில் உள்ள லோரோங் காம்பாஸ் என்னுமிடத்தில் ‘கலைஞர் கிராமம்’ ஒன்றைத் தொடங்கினார். அது முன்பு கோழிப்பண்ணையாக இருந்த கம்பத்து நிலம். அங்கே இளங்கலைஞர்கள் கூடினர். மரத்தடியிலும் கொட்டகையிலும் வேலை செய்தனர். ஒருவர் படைப்பை மற்றவர் விமர்சித்தனர். 1989ஆம் ஆண்டின் கடைசி நாளில் தொடங்கி, புத்தாண்டு பிறந்த பின்னும் தொடர்ந்து 24 மணி நேரக் கலைநிகழ்ச்சி ஒன்றையும் நடத்தினர். அமாண்டாவும் அக்கிராமத்தின் தொடக்கக்கால உறுப்பினர்களில் ஒருவர்.

தாங் டா வூவின் படைப்புகள் இளங்கலைஞர்களுக்குப் புதிய வழியைக் காட்டின. கொம்புக்காகக் காண்டாமிருகங்கள் கொல்லப்படுவதைக் கண்டித்து 1989ஆம் ஆண்டு அவர் ஒரு படைப்பை உருவாக்கினார். காகிதக்கூழால் செய்த காண்டாமிருகம் தரையில் வீழ்ந்து கிடக்க, அதைச் சுற்றி அவர் தம் உடலசைவுகளால் அதன் கதையைச் சொன்னார். நாட்டு நடப்பைப் பற்றிப் பேசுவதற்குத் தூரிகை மட்டுமே வழி அன்று என்பதை அமாண்டா போன்றோர் இத்தகைய நிகழ்ச்சிகளில் நேரில் கண்டனர். ஆனால் அக்கிராமம் நீண்ட நாள் நிலைக்கவில்லை. 1990ஆம் ஆண்டு அந்நிலம் மேம்பாட்டுக்காக எடுத்துக்கொள்ளப்பட்டது. கலைஞர்கள் இடத்தை இழந்தனர். ஆனால் ‘கலைஞர் கிராமம்’ என்ற பெயரையும் குழுவையும் விடவில்லை.

அமாண்டா லண்டனில் சிறிது காலம் பயின்றார். பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் உள்ள கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் படித்து 1993ஆம் ஆண்டு நுண்கலைப் பட்டம் பெற்றார். பெண்களின் நிலை குறித்த சிந்தனை இக்காலத்தில் அவரிடம் ஆழமாக வேரூன்றியது. குடும்பத்தில் யார் சமைக்கிறார், யார் முதலில் உண்கிறார், யாருடைய பேச்சு எடுபடுகிறது என்பன போன்ற கேள்விகள் அவர் படைப்புகளில் இடம்பெறலாயின.

அக்கேள்விகளுக்கு விடை தேட அவர் வெளியே எங்கும் செல்லவில்லை. தம் தாயாரிடமே சென்றார்.

தாயாரின் மொழி தியோச்சியூ. மகளுக்கோ அம்மொழியில் மனத்தில் இருப்பதை முழுமையாகச் சொல்லும் அளவுக்குத் தேர்ச்சி இல்லை. சிங்கப்பூரில் 1979ஆம் ஆண்டு ‘மாண்டரின் பேசுவோம்’ இயக்கம் தொடங்கப்பட்டது. பள்ளிகளில் ஆங்கிலமும் மாண்டரினும் கற்பிக்கப்பட்டன. தியோச்சியூ, ஹொக்கியன், கண்டனீஸ் போன்ற மொழிகள் மெல்ல மெல்ல வீட்டு மூலையில் ஒதுங்கின. பேரக்குழந்தைகளிடம் பேச மொழியில்லாமல் தவித்த தாத்தா பாட்டிமார் பலர். சாப்பிட்டாயா, எப்போது வருவாய், பணம் வேண்டுமா என்பனவற்றைக் கேட்டுக்கொள்ள மொழி இருந்தது. நீ மகிழ்ச்சியாக இருக்கிறாயா என்று கேட்க மொழி இல்லை. நம் இல்லங்களிலும் தாத்தா தமிழில் கேட்க, பேரன் ஆங்கிலத்தில் விடையளிப்பதைக் காண்கிறோம் அல்லவா? ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்கள் ஒருவரையொருவர் அறியாமலே முதுமை அடைந்துவிடும் ஆபத்து அதில் ஒளிந்திருக்கிறது.

சொற்கள் கைகொடுக்காத இடத்தில் வேறு எது கைகொடுக்கும் என்று அமாண்டா தேடினார். 1996, 1997ஆம் ஆண்டுகளில் தாயாரும் அவரும் இணைந்து ‘அனதர் விமன்’ என்ற படைப்பை உருவாக்கினர். ‘மற்றொரு பெண்’ என்பது அதன் பொருள். அதன் மையமாக அமைந்தவை புகைப்படங்கள். தாயும் மகளும் அருகருகே நிற்கின்றனர், ஒருவரையொருவர் அணைத்துக்கொள்கின்றனர். வளர்ந்த பிள்ளைகளைக் கட்டியணைக்கும் வழக்கம் மரபான சீனக் குடும்பங்களில் அதிகம் இல்லை. எனவே, கேமராவின் முன் நின்ற அந்த அணைப்பு வெறும் ‘போஸ்’ அன்று. மொழியால் கடக்க முடியாத தூரத்தை உடலால் கடக்கும் முயற்சி அது.

தலைப்பையும் கவனிக்க வேண்டும். ‘என் தாய்’ என்று அமாண்டா பெயரிடவில்லை. சமைப்பவர், துவைப்பவர், காத்திருப்பவர் என்று மட்டுமே பார்த்துப் பழகிய ஒருவரை, தமக்கென்று ஆசைகளும் நினைவுகளும் கொண்ட மற்றொரு பெண்ணாக முதன்முறையாகப் பார்க்கும் பார்வை அந்தப் பெயரில் இருக்கிறது. புகைப்படம் இங்கே முடிவுப்பொருள்தான். படம் எடுப்பதற்காக இருவரும் சேர்ந்து செலவிட்ட நேரமே உண்மையான படைப்பு என்று கொள்வது பொருந்தும்.

இப்படைப்புகள் உருவான காலம் செயற்கலைக்கு நெருக்கடியான காலம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1993ஆம் ஆண்டு இறுதியில் நடந்த கலைநிகழ்ச்சி ஒன்று பெரும் சர்ச்சையை எழுப்பியது. அதைத் தொடர்ந்து 1994ஆம் ஆண்டு முதல், எழுத்துப்படி இல்லாத இத்தகைய கலைக்குத் தேசியக் கலைகள் மன்றம் நிதி வழங்குவதை நிறுத்தியது. 2003ஆம் ஆண்டு வரை அந்நிலை நீடித்தது. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது செயற்கலைக்கு எளிதன்று. பார்வையாளர் என்ன சொல்வார், எப்போது எழுந்து செல்வார் என்பதை யாரால் எழுதிவைக்க முடியும்? கலைஞர்கள் சிலர் வேறு துறைகளுக்குச் சென்றனர். சிலர் வெளிநாடுகளில் நிகழ்ச்சிகளைச் செய்தனர். அமாண்டாவோ இங்கேயே பணியைத் தொடர்ந்தார்.

தவுகே மேசை பிறந்தது அந்த ஆண்டுகளில்தான். தவுகேயின் வாலைக் கிள்ளுவது சீனக் குடும்பங்களில் பெண்களும் பிள்ளைகளும் கூடி அமர்ந்து செய்யும் வேலை. நம் வீட்டுப் பெரியவர்கள் முருங்கைக்கீரை ஆய்ந்தபடி ஊர்க்கதை பேசியதைப் போன்றது அது. கை ஓடிக்கொண்டே இருக்கும். கண் கையின் மேல் இருக்கும். அதனால் எதிரில் இருப்பவரை நேருக்கு நேர் பார்த்துப் பேச வேண்டிய கூச்சம் இல்லை. கடினமான செய்திகளைக்கூட அந்நிலையில் எளிதாகச் சொல்லிவிட முடியும். அவசர வாழ்க்கையில் சுத்தம் செய்யப்பட்ட காய்களை வாங்கிக்கொள்கிறோம். நேரம் மிச்சமாகிறது, ஆனால் அந்நேரத்தில் நடந்த பேச்சும் நின்றுவிடுகிறது. அமாண்டா மீட்க விரும்பியது தவுகேயை அன்று, அதைச் சுற்றி நடந்த பேச்சை.

அவருடைய படைப்பு முறையை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். முதலில், எல்லாருக்கும் தெரிந்த ஓர் எளிய செயலைத் தேர்ந்தெடுக்கிறார். அதைச் செய்யத் தனித்திறமை எதுவும் தேவைப்படாது. பின்னர் அச்செயலை, அது வழக்கமாக நடக்காத ஓர் இடத்துக்குக் கொண்டுசெல்கிறார். சமையலறை வேலை பொது இடத்துக்கு வரும்போது, அதுவரை யாரும் கவனிக்காத ஒன்று எல்லார் கண்ணிலும் படுகிறது. அதன்பின் அவர் விலகி வழிவிடுகிறார். மேசையையும் தவுகேயையும் நாற்காலிகளையும் தயார் செய்வது மட்டுமே அவர் பொறுப்பு. மீதியை வந்து அமர்பவர் நிறைவு செய்கிறார். யாரும் அமராமல் போனால்? அதுவும் நிகழக்கூடியதே. அந்த ஆபத்தை ஏற்றுக்கொள்ளாதவர் இக்கலையில் இறங்க முடியாது.

1999ஆம் ஆண்டு அவர் தொடங்கிய ‘லெட்ஸ் வாக்’, அதாவது ‘நடப்போம்’, இன்னும் வியப்பானது. அதன் பின்னணி 1997ஆம் ஆண்டு ஆசியாவைத் தாக்கிய பொருளாதார நெருக்கடி. அந்நெருக்கடியில் வேலை இழந்தோரில் பெண்கள் முன்வரிசையில் இருந்தனர். அதே நேரத்தில் அழகு நிலையங்களின் வியாபாரம் மட்டும் செழித்ததை அமாண்டா கவனித்தார். வேலையைத் தக்கவைத்துக்கொள்ளத் தோற்றத்தை மேம்படுத்த வேண்டும் என்ற எண்ணம் பெண்களிடையே பரவியிருந்தது. உழைப்பும் அனுபவமும் இருந்தும், முகமும் உடலும்தான் ஒருவரைக் காப்பாற்றுமா? முன்னேறிவிட்டோம் என்று நினைக்கும் சமுதாயம் உண்மையில் பின்னோக்கித்தான் நடக்கிறதா?

இக்கேள்வியை அவர் கட்டுரையாக எழுதவில்லை. தெருவில் நடந்து காட்டினார். குதிகால் உயர்ந்த காலணி ஒன்றை வாயில் கவ்விக்கொண்டார். கையில் ஒரு சிறு கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். பின்னோக்கி நடந்தார். பொதுமக்களும் அவ்வாறே காலணியைக் கவ்விக்கொண்டு உடன் நடந்தனர்.

அக்காட்சியைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். பின்னோக்கி நடப்பவருக்கு வழிகாட்டுவது அச்சிறு கண்ணாடி மட்டுமே. அதில் பாதிக்கு மேல் அவருடைய முகமே தெரியும். பாதையைப் பார்க்க வேண்டுமானால் கண்ணாடியைச் சாய்த்து, தோளுக்குப் பின்னால் தெரியும் சிறு துண்டைத் தேட வேண்டும். முகத்தைப் பார்த்தால் பாதை மறையும். பாதையைப் பார்த்தால் முகம் விலகும். குதிகாலுக்கு முன் விரல்கள் தரையைத் தொடுவதால் ஒவ்வோர் அடியும் தயக்கத்துடன் விழும். வாயில் காலணி இருப்பதால், தடுக்கினால்கூட உதவி கேட்டுக் குரல் கொடுக்க முடியாது. அழகுக்காகப் பெண் எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறாள் என்பதைப் பக்கம் பக்கமாக விளக்கினாலும், பத்தடி இவ்வாறு நடந்தவருக்குப் புரிவதுபோல் புரியாது. கண்ணாடியும் காலணியும் கடையில் எளிதில் கிடைக்கும் பொருள்கள். இரண்டையும் அவர் இணைத்த விதத்தில்தான் படைப்பாற்றல் இருக்கிறது. இந்நடையை அவர் பின்னர் வெளிநாட்டு நகரங்கள் பலவற்றிலும் நிகழ்த்தினார்.

அதே 1999ஆம் ஆண்டு, ‘விமன் இன் தி ஆர்ட்ஸ்’ என்ற பெண் கலைஞர் குழுவை அமைக்கவும் அவர் முன்னின்றார். பெண் கலைஞர்கள் சந்தித்துப் பேசவும், அவர்களுடைய பணிகள் பதிவின்றி மறைந்துபோகாமல் ஆவணப்படுத்தவும் அக்குழு முயன்றது.

2000ஆம் ஆண்டு ‘சிங்கர்ல்’ என்ற பாத்திரத்தை அவர் உருவாக்கினார். சிங்கப்பூர் விமானப் பணிப்பெண்கள் அணியும் சாரோங் கெபாயாவை உலகமே அறியும். இளமை, புன்னகை, பணிவு ஆகியவற்றின் அடையாளமாக விளம்பரங்களில் அவ்வுடை தோன்றும். ஏறத்தாழ ஐம்பது வயதில் அமாண்டா அதைப் போன்ற கெபாயாவை அணிந்துகொண்டார். பின்னாளில் அதே உடையில், மாறிக்கொண்டும் மறைந்துகொண்டும் இருக்கும் சிங்கப்பூர் இடங்களில் நின்று படம் எடுத்துக்கொண்டார். விளம்பரப் பெண்ணுக்கு வயதாவதில்லை. உண்மைப் பெண்ணுக்கு வயதாகிறது. இவ்வொரு முரணை வைத்தே ஆண்டுக்கணக்கில் பணியாற்ற அவரால் முடிந்தது. இதில் நகைச்சுவையும் இல்லாமல் இல்லை.

இத்தகைய கலையைப் பாதுகாப்பது எப்படி என்ற சிக்கலும் உண்டு. தவுகே வாடிவிடும், நடை முடிந்துவிடும். எஞ்சுவன புகைப்படங்களும் காணொளிகளும் பங்கேற்றவர்களின் நினைவுகளும்தாம். சிங்கப்பூர்க் கலை அருங்காட்சியகம் 2011ஆம் ஆண்டு அவருடைய பல்லாண்டுப் பணிகளைத் திரட்டித் தனிக் கண்காட்சி நடத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு, கலைத்துறையில் நாட்டின் உயரிய விருதான கலாசாரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டிருந்தது. ஒரு காலத்தில் நிதியுதவி மறுக்கப்பட்ட கலைக்குக் கிடைத்த அங்கீகாரம் அது.

விருதுக்குப் பிறகும் அவர் ஓய்வெடுக்கவில்லை. 2019ஆம் ஆண்டு சிங்கப்பூர் பியனாலே கலைவிழாவுக்காக, நடத்தல் என்னும் செயலையே மீண்டும் கையிலெடுத்தார். ‘எவ்ரி ஸ்டெப் கவுண்ட்ஸ்’ என்ற அப்படைப்பில், பொதுமக்களுக்கான பயிலரங்கு, முந்தைய நடைகளின் பதிவுகள், புதிய நிகழ்ச்சிகள் ஆகியவை இடம்பெற்றன. 1999இல் நடந்த கால்கள் வேறு; 2019இல் நடந்த கால்கள் வேறு. அந்த வேறுபாட்டை அவர் மறைக்கவில்லை. அதையே படைப்பின் பொருளாக்கினார். அப்படைப்புக்குப் பெனெஸ் பரிசு கிடைத்தது.

தாயாருடன் தொடங்கிய படைப்பையும் அவர் பாதியில் விட்டுவிடவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, தாயும் மகளும் மீண்டும் கேமராவின் முன் வந்தனர். அப்படங்களுக்கு ‘டுவென்டி இயர்ஸ் லேட்டர்’, அதாவது ‘இருபது ஆண்டுகளுக்குப் பிறகு’ என்றே பெயர். முதல் படங்களில் நாற்பதுகளில் இருந்த மகள் இப்போது அறுபதைக் கடந்திருந்தார். தாயாரின் அன்றைய வயதை நோக்கி மகளின் வயது நகர்ந்திருந்தது.